தினமும் கை படும் கருவி எது? ஏன் இன்னும் விடவில்லை?

பதிவு 1 | கரும்பலகை

புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பேச நிறைய இழைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இங்கே கேள்வி வேறு. தினமும் உங்கள் கை தானாகப் போய் விழும் பொருள் எது, அதை ஏன் இன்னும் தூக்கிப்போடவில்லை?

நானே ஆரம்பிக்கிறேன். என்னுடையது 2011இல் செய்த லேப்டாப், கைமாறி என்னிடம் வந்தது. கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அடுத்த பத்துப் பதிவும் அந்தச் சண்டையிலேயே போய்விடும். 12.5 அங்குலத் திரை, 1366க்கு 768 புள்ளிகள். இன்றைய கைப்பேசித் திரைகளின் முன் இது ஜன்னல் கம்பி மாதிரிதான் இருக்கும். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன், மெமரியை 8 ஜிபி ஆக்கினேன். அதோடு சரி, மெதுவாக இருக்கிறது என்ற எண்ணமே வரவில்லை.

உள்ளே ஓடுவது ஸ்லாக்வேர் 15. 1993இல் தொடங்கி இன்றுவரை பராமரிக்கப்படுகிற லினக்ஸ் தொகுப்புகளில் அதுதான் மூத்தது. ஒரு மென்பொருளைப் போட்டால் அதற்கு வேண்டிய மற்றவற்றை அது தானாகத் தேடி இறக்காது, நாமே பார்த்துப் போடவேண்டும். பலருக்கு இது எரிச்சல், எனக்கு நிம்மதி. என்னைக் கேட்காமல் அதில் எதுவும் மாறுவதில்லை. எல்லா அமைப்பும் படிக்கக்கூடிய டெக்ஸ்ட் ஃபைலாக உட்கார்ந்திருக்கிறது.

குறைகளும் உண்டு. பேட்டரி செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, கழற்றிவைத்துவிட்டேன், சார்ஜரில்தான் ஓடுகிறது. ராத்திரி சுவிட்சை அணைத்துவிட்டுப் படுப்பேன். காலையில் பூட் ஆகும்போது "கடைசியாக மவுண்ட் செய்த (டிஸ்கைக் கணினியோடு இணைத்த) நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது" என்ற அர்த்தத்தில் ஒரு வரி வந்துபோகும். முதல் தடவை பார்த்தபோது கவிதை மாதிரி இருந்தது. பிரவுசரைத் திறந்தால் எந்தத் தளத்துக்கும் போகாது, தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று அடம்பிடிக்கும். அதற்கு ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதிவைத்தேன். வைஃபை இணைந்ததும் அது நேரத்தைச் சரிபண்ணிவிடும். நானோ எழுந்து அரைமணி நேரம் கழித்துத்தான் வைஃபையை ஆன் பண்ணுவேன். அதுவரை குறிப்பேடு ஃபைலில் எழுதிக்கொண்டிருப்பேன். ஒருநாளில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

உங்களுடையதைச் சொல்லுங்கள்.

பதிவு 2 | தட்டச்சுமணி

கணினி எதுவானாலும் எனக்கு ஒன்றுதான், கீபோர்டை மட்டும் மாற்றமாட்டேன். பிரவுன் ஸ்விட்ச் போட்ட மெக்கானிக்கல். சாவி முழுசாக 4 மில்லிமீட்டர் இறங்கும், ஆனால் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். அந்தப் பாதி வழியில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும் பாருங்கள், அதற்காகத்தான் இத்தனை எடையைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். நீல ஸ்விட்ச் வைத்திருந்தேன், ஒவ்வொரு சாவிக்கும் டிக் டிக் என்று சத்தம். வீட்டில் எனக்கும் கீபோர்டுக்கும் சேர்த்து வெளியேற்ற உத்தரவு வந்தது.

அதில் நான் அடிப்பது தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் அஞ்சல் முறைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், ஒரே ஒரு சொல்லைப் பாருங்கள். "பக்கம்" அடிக்க எனக்கு ப, க, க, ம, புள்ளி. ஒரே மெய்யை அடுத்தடுத்து அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங அடித்துக் க அடித்தால் "ங்க" ஆகிவிடும், ந அடித்துத் த அடித்தால் "ந்த". நம் மொழியில் எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரும் என்று தெரிந்தவர்கள் செய்த அமைப்பு. உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில், இரண்டு கையும் மாறி மாறி நடக்கும். பழக எனக்கு மூன்று வாரம் பிடித்தது. முதல் வாரம் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

பதிவு 3 | மேசைவிளக்கு

எனக்குப் பிடித்த கருவி வெள்ளை டேப்பும் மார்க்கர் பேனாவும்.

சிரிக்காதீர்கள். என்னிடம் யுஎஸ்பி சி கேபிள்கள் இரண்டு இருந்தன. இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே நீளம், முனை ஒரே மாதிரி. வெளி எஸ்எஸ்டியில் 200 ஜிபி காப்பி போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம். டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, புதிது தேடவே ஆரம்பித்துவிட்டேன். ஏதோ தோன்றி அடுத்த கேபிளை மாட்டினேன், அதே 200 ஜிபி பத்து நிமிஷத்துக்குள் முடிந்தது. முதல் கேபிள் கைப்பேசி சார்ஜரோடு வந்தது. முனைதான் புதுசு, உள்ளே ஓடுவது பழைய யுஎஸ்பி 2, விநாடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் 35, 40 மெகாபைட்டுக்கு மேல் வராது.

சார்ஜிங்கிலும் இதே கூத்து. கேபிளுக்குள் அடையாளச் சிப் இல்லாவிட்டால் 3 ஆம்பியருக்கு மேல் போகவிடமாட்டார்கள், அதாவது 60 வாட். பெரிய லேப்டாப்பை மாட்டினால் சார்ஜ் ஏறுவதுபோல் காட்டிக்கொண்டே இறங்கும். பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால் ஒவ்வொரு கேபிளின் கழுத்திலும் டேப் சுற்றி "வேகம்", "சார்ஜ் மட்டும்", "60", "100" என்று எழுதிவைத்திருக்கிறேன். பார்க்க அசிங்கம்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு கேபிளிடமும் நான் ஏமாறவில்லை.

பதிவு 4 | நேற்றுவந்தவர்

வணக்கம், முதல் பதிவு. என் கணினியில் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14ஓடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று சொல்லிவிட்டது. கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. கரும்பலகை அக்கா சொன்ன ஸ்லாக்வேரைப் போடலாமா?

பதிவு 5 | கரும்பலகை

வேண்டாம் தம்பி. எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக உங்களைக் கிணற்றில் தள்ளமாட்டேன். லினக்ஸ் மின்ட் எடுத்து ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே பூட் பண்ணி ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். டிஸ்கில் எதுவும் எழுதப்படாது. வைஃபை, சத்தம், மூடித் திறந்தால் விழிக்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். சரியாக இருந்தால் அப்புறம் நிறுவலாம். அதற்கு முன்னால் உங்கள் ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுத்துவையுங்கள்.

பதிவு 6 | வட்டுவைத்தியன்

எல்லாரும் கேபிளையும் கீபோர்டையும் பேசிட்டு, கரும்பலகை சொன்ன அந்தக் "கவிதை"யைக் கவனிக்காம போயிட்டீங்களே.

அம்மா, உங்க மதர்போர்டுல இருக்கற குட்டி நாணய பேட்டரி செத்துப்போச்சு. கணினி அணைஞ்சிருக்கும்போது கடிகாரத்தை ஓட்டறது அதுதான். பெரிய பேட்டரி மாட்டியிருந்தா அதுலேருந்தே கடிகாரத்துக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கிட்டிருக்கும், குட்டி பேட்டரி செத்ததே வெளியில தெரியாது. நீங்க பெரியதைக் கழற்றிட்டீங்க, ராத்திரி சுவிட்சையும் அணைக்கறீங்க. கடிகாரத்துக்குப் பிடிமானமே இல்லை. காலையில அது பிறந்த நாளுக்கே போயிடுது. நேத்து மவுண்ட் பண்ணின தேதி டிஸ்க்ல எழுதியிருக்கு, இன்னைக்குத் தேதி 2011ன்னு கடிகாரம் சொல்லுது. அதான் "எதிர்காலம்". பிரவுசர் சண்டையும் அதேதான், 2011லேருந்து பார்த்தா இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் பிறக்கவே இல்லை.

ஒருநாள் ராத்திரி சுவிட்சை அணைக்காம விட்டுப் பாருங்க. காலையில அந்த வரி வரலைன்னா நான் சொன்னது சரி.

பதிவு 7 | கரும்பலகை

அணைக்காமல் விட்டேன். அந்த வரி வரவில்லை. நீங்கள் சொன்னது அப்படியே சரி அண்ணா.

ஆனால் ஒன்று. அதைக் கழற்றி மாற்ற வேண்டுமென்றால் கீபோர்டையே தூக்கவேண்டும். ஸ்கிரிப்ட்தான் நேரத்தைச் சரிபண்ணிவிடுகிறதே, இப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே?

பதிவு 8 | பழையபாட்டு

நான் இன்னும் தனியாக ஒரு மியூசிக் பிளேயர் வைத்திருக்கிறேன். அதன் சொந்த மென்பொருளுக்குப் பதில் ராக்பாக்ஸ் போட்டு ஓட்டுகிறேன். கைப்பேசியில் பாட்டு கேட்டால் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், இதில் யாரும் கூப்பிடமுடியாது. என் காரணம் இவ்வளவுதான்.

தொல்லை பாட்டுகளின் பெயரில். இருபது வருஷத்துக்கு முன் நானே உட்கார்ந்து, யூனிகோடு பரவுவதற்கு முந்தைய டிஸ்கி எழுத்துருவில் தமிழ்ப் பெயர்கள் அடித்துவைத்தேன். இன்று அவை எல்லாம் தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிகின்றன. சிலவற்றை பாமினி என்ற இன்னொரு பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறேன், அவை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கின்றன, ஏனென்றால் பாமினியில் புள்ளிக்கு அரைப்புள்ளிச் சாவி. மாற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால், எம்பி3இன் பழைய டேக்கில் தலைப்புக்கு மொத்தமே 30 பைட்டுதான் இடம். யூனிகோடில், யுடிஎஃப்-8 முறையில், ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். பத்துக் குறிதான் கொள்ளும், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறி. "மழைக்காலம்" என்று எழுதினால் ம, ழ, ை என்று எண்ணிக்கொண்டே போய் கடைசிப் புள்ளியோடு சரியாகப் பத்தில் நிற்கிறது. அதற்கு மேல் ஒரு சொல் வைக்க முடியாது. புதிய டேக் முறைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். 1400 பாட்டில் 300 முடிந்திருக்கிறது.

பதிவு 9 | தட்டச்சுமணி

பழையபாட்டு, டிஸ்கியை மாற்றும்போது ஒரு விஷயம். அதில் எழுத்தைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் சேமிப்பார்கள், "கெ" என்றால் கொம்பு முன்னால், க பின்னால். யூனிகோடில் க முன்னால், கொம்பு பின்னால். நல்ல மாற்றி இதைப் புரட்டிப்போடும். சுமாரான மாற்றி "கொ"வைக் க, கொம்பு, கால் என்று மூன்று துண்டாக விட்டுவிடும். யூனிகோடில் "ொ" என்று ஒரே குறியும் இருக்கிறது. திரையில் இரண்டுக்கும் மயிரளவு வித்தியாசம் தெரியாது. தேடினால் மட்டும் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது.

எனக்கு நடந்தது. "கொடி" என்று தேடினால் என் குறிப்புகளில் இல்லை என்றது, கண் முன்னால் "கொடி" இருக்கிறது. கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் தட்டினேன், "கொ" போய் "கெ" ஆனது, கால் மட்டும் தனியாக விழுந்திருக்கிறது. அப்போதுதான் விளங்கியது. மாற்றி முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நார்மலைசேஷன் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஔகாரத்தில் "ள"வை அடித்துவைத்தவர்களுக்கு எந்த நார்மலைசேஷனும் உதவாது, அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தவேண்டும்.

பதிவு 10 | வட்டுவைத்தியன்

கரும்பலகை, பதிவு 7ல "இருந்துட்டுப் போகட்டும்"னு சொன்னதைப் படிச்சதுலேருந்து மனசு சரியில்லை. ஒரு கேள்வி. பேக்கப் எப்படி எடுக்கறீங்க?

பதிவு 11 | கரும்பலகை

தினமும் ராத்திரி ஆர்சிங்க் என்ற காப்பி எடுக்கும் நிரல். வெளி டிஸ்குக்கு. அங்கே இருப்பது புதிதாக இருந்தால் அதன் மேல் எழுதாதே என்ற "அப்டேட்" ஆப்ஷனும் போட்டிருக்கிறேன், தப்பித்தவறி பழைய ஃபைல் புதியதை அழித்துவிடக்கூடாதே என்று. ஏன்?

பதிவு 12 | வட்டுவைத்தியன்

அதேதான் நான் பயந்தது. காலையில வைஃபை இல்லாம எழுதற அந்தக் குறிப்பேட்டைச் சேவ் பண்ணும்போது தேதி என்ன விழும்?

உடனே போய் வெளி டிஸ்க்ல இருக்கற காப்பியைத் திறந்து, கடைசி வரி என்னைக்கு எழுதினதுன்னு பாருங்க. வேற எதையும் தொடாதீங்க.

பதிவு 13 | கரும்பலகை

பார்த்தேன்.

குறிப்பேட்டில் தேதியை நான் கையால்தான் எழுதுவேன், அதனால் தெளிவாகத் தெரிகிறது. பேக்கப்பில் இருக்கும் கடைசிக் குறிப்பு பதினோரு மாதத்துக்கு முந்தையது. அன்றைக்கு ஏதோ காரணத்தால் மாலையில் எழுதியிருக்கிறேன், வைஃபை இணைந்தபின். அதன்பின் ஒவ்வொரு காலையும் சேவ் ஆன ஃபைலின் மேல் 2011 ஜனவரி 1 என்ற முத்திரை. ஒவ்வொரு ராத்திரியும் ஆர்சிங்க் வந்து, அங்கே இருப்பதுதான் புதிது என்று சொல்லிவிட்டு, நான் சொன்னபடியே அதைத் தொடாமல் போயிருக்கிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை, ஏனென்றால் பிழை எதுவும் நடக்கவில்லை. 300க்கு மேற்பட்ட ராத்திரிகள் "முடிந்தது" என்ற வரியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

நான் திறந்து பார்த்த மற்ற ஃபைல்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. பகலில் தொட்டவை. நான் மிகவும் விரும்பி எழுதும் அந்த ஒன்று மட்டும் இல்லை. எஸ்எஸ்டியில் மூலப் பிரதி இருக்கிறது, எதுவும் போகவில்லை. ஆனாலும் லேப்டாப்பை மேசையிலிருந்து எடுக்கவே கை நடுங்கியது.

பதிவு 14 | மேசைவிளக்கு

கடிகாரம் பொய் சொன்னது, நீங்கள் அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வாயை மூடிவிட்டீர்கள். அதை எழுதாமல் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே கடுப்பாகிப் பேட்டரியை மாற்றியிருப்பீர்கள். திட்டவில்லை, நானும் இதே ரகம்தான். என் பழைய பிரின்டரின் ஒரு மூலையைத் தட்டினால்தான் தாள் இழுக்கும். எட்டு வருஷம் தட்டினேன். வேறு யாராவது அச்சடிக்க வந்தால் "இப்படித் தட்டணும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

பதிவு 15 | பக்கம்புரட்டி

இவ்வளவு பதற்றத்துக்கு நடுவில் நான் வந்து என் மின்தாள் படிப்பானைப் புகழ்ந்தால் அடிப்பீர்களா? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரையில் உள்ள கறுப்பு வெள்ளைத் துகள்கள் ஒருமுறை இடம் மாறினால் மின்சாரம் இல்லாமலே அங்கேயே நிற்கும், பக்கம் புரட்டும்போதுதான் சார்ஜ் செலவாகும். சார்ஜரை எங்கே வைத்தேன் என்பது மறந்துபோகும் அளவுக்கு ஓடுகிறது. தேதி என்ன என்று அதற்குத் தெரியாது, எனக்கும் கவலையில்லை. கரும்பலகை, உங்கள் குறிப்பேடு பத்திரமாக இருப்பதில் சந்தோஷம்.

பதிவு 16 | வட்டுவைத்தியன்

சரி, வேலையைப் பார்ப்போம். வரிசை முக்கியம்.

முதல்ல குறிப்பேட்டை வேற பெயர்ல ஒரு பென்டிரைவ்ல காப்பி போடுங்க, இப்பவே. அப்புறம் ஆர்சிங்க்ல அந்த அப்டேட் ஆப்ஷனை எடுத்துடுங்க. அது இல்லாட்டி அளவோ தேதியோ வேற மாதிரி இருந்தாலே காப்பி எடுக்கும், எது புதுசுன்னு பார்க்காது. ஆனா நேரடியா ஓட்டாம, என்ன செய்யப்போகுதுன்னு பட்டியல் மட்டும் காட்டற டிரை ரன் ஒருதடவை ஓட்டுங்க. பட்டியல்ல எதிர்பாராத பெயர் இருந்தா நிறுத்திட்டு இங்க வந்து சொல்லுங்க.

அதுக்கப்புறம் பேட்டரி. பயாஸ் (கணினி ஆன் ஆனதும் முதல்ல ஓடற அடிப்படை மென்பொருள்) அமைப்புத் திரைகளைக் கைப்பேசியில படம் எடுத்துக்கோங்க. சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடிங்க. பல லேப்டாப்புகள்ல அந்த நாணய பேட்டரி பிளாஸ்டிக் உறைக்குள்ள, ரெண்டு வயரும் ஒரு குட்டி கனெக்டருமா இருக்கும். சிஆர்2032னு எழுதியிருந்தா 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். வயரை நேரா பேட்டரி மேல சால்டர் வைக்கவே கூடாது, சூட்டுல வெடிக்கும். கனெக்டரோட சேர்ந்த ரெடிமேடாவே வாங்குங்க. கீபோர்டைத் தூக்கும்போது அடியில ரிப்பன் கேபிள் இருக்கும், வெடுக்குன்னு இழுக்காதீங்க. ஸ்க்ரூவை எந்த ஓட்டையிலேருந்து எடுத்தீங்களோ அந்த வரிசையிலயே ஒரு தாள்ல குத்திவைங்க.

பதிவு 17 | நேற்றுவந்தவர்

மின்ட் பென்டிரைவில் ஓடுகிறது! வைஃபை சரி, சத்தம் சரி. மூடித் திறந்தால் விழிக்கிறது, ஆனால் திரை வெளிச்சம் முழுசாகப் போய்விடுகிறது. அது பரவாயில்லை, பழகிக்கொள்வேன்.

பதிவு 18 | மேசைவிளக்கு

பழகிக்கொள்ளாதீர்கள். தனி இழை திறந்து கணினி மாடல், கர்னல் பதிப்பு இரண்டையும் போடுங்கள். நாளைக்கே செய்யுங்கள்.

பதிவு 19 | கரும்பலகை

ஒரு வாரம் கழித்து வருகிறேன்.

டிரை ரன் பட்டியலில் நான்கே பெயர்கள் வந்தன. குறிப்பேடு ஒன்று, மற்ற மூன்றும் காலையில் திருத்திய சின்னச் சின்ன ஃபைல்கள். ஓட்டினேன். வெளி டிஸ்கில் குறிப்பேட்டைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தேன், அன்று காலை எழுதியது இருந்தது. ரெண்டு தடவை மூடித் திறந்து பார்த்தேன்.

பேட்டரி மாற்ற ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. கீபோர்டுக்கு அடியில் பதினைந்து வருஷத் தூசி, என்னுடையது பாதி, முந்தையவருடையது பாதி. பழைய செல்லில் மீட்டரை வைத்தால் 0.4 வோல்ட் காட்டியது. புதியதை மாட்டி, தேதியை வைத்து, சுவிட்சை அணைத்துவிட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் பூட் பண்ணினேன். அந்த வரி வரவில்லை. வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஸ்கிரிப்டை அழித்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். எல்லாம் மூடி முடித்தபின் தாளில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது. மற்றவற்றைவிடக் குட்டை. லேப்டாப் ஒழுங்காக ஓடுகிறது. எங்கே போகவேண்டியது இது?

பதிவு 20 | வட்டுவைத்தியன்

குட்டையா இருந்தா பெரும்பாலும் அடியில மெமரி மூடியோடதா இருக்கும். திருப்பிப் போட்டுப் பாருங்க, மூடியில ஓட்டை காலியா இருக்கா?

பதிவு 21 | கரும்பலகை

ஓட்டை காலியாக இல்லை. மூடியே இல்லை. அது ஒரு வாரமாக மானிட்டருக்குப் பின்னால் கிடக்கிறது.